இருக்கைக் கணக்கு

பேருந்து
நகர எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க்கைச் சுற்றித் திரும்பிவிடும்.
வேலை இருப்பது அங்கிருந்து ஏழு மைல்.
நடுவில் நடைபாதை கிடையாது,
பனியை வாரிக் கொட்டிய பள்ளம்தான்.
அந்த ஏழு மைலுக்காகத்தான்
எங்கள் அமைப்பு இந்த வண்டியை வாங்கியது.

மில்வாக்கியின் வடக்குப் பக்கம்,
மூடிப்போன சலவைக்கடையில் எங்கள் அலுவலகம்.
'எந்திரம் விழுங்கிய காசுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'
என்ற பலகையை யாரும் கழற்றவில்லை.
அதன் கீழேதான் மாலை வகுப்பு:
அளவுநாடா, வரைபடம், பின்னம்,
கணினி சொன்னபடி இரும்பைச் சீவும் எந்திரம்.
பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்க ஒன்பது மெத்தை.
மெத்தை இல்லாத முதல் வருஷம்
வகுப்புக்கு ஆண்கள் மட்டுமே வந்தார்கள்.
ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு
எட்டு மாதமும் ஓர் ஆலோசகரும் தேவைப்பட்டது.

நான் டெல்ராய், ஓட்டுநர்.
விடியற்காலை நாலேகாலுக்கு எஞ்சினைச் சூடாக்குவேன்.
பன்னிரண்டு இருக்கை.

முதலில் ஏறுகிறவள் கியோண்ட்ரா.
கண்ணாடியில் படிந்த தன் மூச்சின்மேல்
விரலால் கணக்கு எழுதுவாள்.
காலும் அரைக்காலும் சேர்ந்தால் எட்டில் மூன்று.
அரைக்காலில் பாதி வீசம்.
"அங்குலத்தில் ஒரு வீசம் பிசகினாலும் துண்டு குப்பைக்கு, டெல்ராய்,
நானும் கூடவே."
தேர்வில் இரண்டு முறை தோற்றவள்.
மூன்றாம் முறை என்ன ஆனது என்று வாயால் சொல்லவில்லை,
முதல் சம்பளச் சீட்டை
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்,
சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை.

நெங் லோர் ஏறினால் வண்டி முழுக்க ஒட்டரிசி வாசம்.
இவெலிஸ் உட்கார்ந்ததும் தூங்குவாள்,
தொழிற்சாலைக்கு ஒரு வளைவு முன்னால்
யாரும் எழுப்பாமலே விழிப்பாள்.
ஆறு வருஷம் சிறையில் இருந்த ஜெரோடுக்குக்
கதவோரம் மட்டும்தான் வேண்டும்.
கிளம்பும் முன்
கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று
ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்வான்.
குளிர் ஊசியாய் ஏறும்.
யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள்
கியோண்ட்ரா நிறுத்தத்தில் இல்லை.
ஐந்து நிமிஷம் காத்திருந்தேன்,
திட்டிக்கொண்டே கிளம்பினேன்.
நெடுஞ்சாலையில் ஹார்ன் அலறியது.
சிவப்புக் கார், ஒரு கதவு மட்டும் நீலம்,
எங்களை முந்திப் போகிறாள்,
கையை வெளியே விட்டு ஆட்டிக்கொண்டு, அந்தப் பனியில்.
வண்டியே கூச்சல் போட்டது.
இவெலிஸ்கூட விழித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நெங் அவள் காரில்.
இவெலிஸ் தொழிற்சாலைப் பக்கமே வாடகைக்குப் போய்விட்டாள்.
வேறு மூன்று பேர் பகல் ஷிப்டுக்கு.
ஏப்ரலில் பன்னிரண்டில் மூன்று.

நிதி கொடுக்கிறவர்களிடமிருந்து படிவம் வந்தது:
'வாகனப் பயன்பாடு எழுபத்தைந்து சதவீதம் சரிவு.
இருநூறு எழுத்துகளுக்குள் விளக்குக.'
இயக்குநர் மார்கிட்டா பேனாவைக் கடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."
ஆஸ்பத்திரியில் கட்டில் காலியானால்
நோயாளி எங்கே என்றா கோபிப்பார்கள்,
இப்படி எழுது என்றேன்.
எழுதினாள். நன்றாகத்தான் இருந்தது.
பிறகு நானே அடிக்கச் சொன்னேன்.

ஏனென்றால் அந்த ஒன்பதில்
ஒன்று ஜெரோடுடையது.
கம்பெனி கைமாறியது. புது நிர்வாகம்
எல்லாருடைய பின்னணியையும் மறுபடி துழாவியது.
பதினான்கு மாதம் ஒரு நாள் பிந்தாதவனை
மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள்.
அன்று திரும்ப வண்டி மாலையில்தான்.
ஏழு மைலும் நடந்திருக்கிறான்.
எட்டு காலி இருக்கை ஒரு கணக்கு,
இது வேறு கணக்கு.
இரண்டையும் கூட்டி ஒரு சதவீதமாக்க
எங்கள் வகுப்பில் சொல்லித்தருவதில்லை.

மார்கிட்டா அந்தக் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டாள்.
வேறொரு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள்.
ஜெரோட் போனை எடுப்பதில்லை.

இன்று நாலேகால்.
அவன் தெருமுனையில் வழக்கம்போல்
ஐந்து நிமிஷம் நிறுத்தினேன்.
பின்னால் மூன்று பேர், மூவரும் புதியவர்கள்,
ஏன் நிற்கிறோம் என்று கேட்கவில்லை.
இறங்கிப் போய் அவன் இருக்கையில் உட்கார்ந்து
கதவை உள்ளிருந்து ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

திறக்கிறது.